பிடரியில் ஒரு முள்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம். தில்லை நகரில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் காலை எட்டு மணிக்குள் ஒரே ரகளை. நாலு வயதுப் பையன் புதுச் சீருடையைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று தரையில் புரளுகிறான். போட்டுவிட்டால் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பிடரியைச் சொறிகிறான். வாசலில் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். "பிடிவாதம், செல்லம் கொடுத்ததன் பலன்" என்றார் தகப்பனார். "பள்ளிக்கூடத்தில் யாரோ மிரட்டியிருக்கிறார்கள்" என்றாள் தாயார். மூன்றாம் நாள் உப்பும் மிளகாயும் சுற்றித் திருஷ்டியும் கழித்தாயிற்று. நாலாம் நாள் பாட்டியம்மாள் பேரனை மடியில் குப்புறப் போட்டுக் காலரைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, இங்கே வந்து பாரேன். பிள்ளைக்குக் கழுத்து ரத்தமாய்ச் சிவந்து கிடக்கு. இந்தப் பட்டைதான் அறுக்குது!"

பட்டை என்று அவர் சொன்னது சட்டையின் லேபிளைத்தான். கம்பெனியின் பெயரும் அளவும் பளபளப்பான எழுத்தில் நெய்த, இரண்டு அங்குல நீளமுள்ள ஒரு துண்டு. அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தால் நகம் வெட்டியபின் தடவுகிற மாதிரி சுரசுரவென்று இருந்தது. நாலு நாளாகக் குழந்தை சொன்னது உண்மை. வீட்டில் படித்தவர்கள் மூன்று பேர் இருந்தும் யார் காதிலும் அது ஏறவில்லை.

இது அற்ப விஷயம், இதற்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் இடம் ஒதுக்க வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்.எஸ்.பி. ரோட்டிலும் சின்னக்கடை வீதியிலும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு குழந்தைகளுக்குத் துணி எடுக்கிற பெற்றோர் எதையெதைப் பார்க்கிறார்கள்? நிறம் பார்க்கிறார்கள், விலை பார்க்கிறார்கள், அடுத்த வருஷத்துக்கும் ஆகுமா என்று இரண்டு விரற்கடை கூட்டிப் பார்க்கிறார்கள். லேபிளில் பெயரைப் படிக்கிறார்கள். அதைத் தொட்டுப் பார்ப்பவர் மிகச் சிலர். அந்த லேபிளை வியாபாரி தம் பெயருக்காகத் தைக்கிறார். வாங்குகிறவர் தம் தெரிதலுக்காகப் படிக்கிறார். அதைக் கழுத்தில் வைத்துக்கொண்டு பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கப்போகிறவருக்குப் படிக்கவும் தெரியாது, தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடையாது. ஆறு மாதக் குழந்தையானால் எங்கே உறுத்துகிறது என்று சொல்லவும் தெரியாது. அழத்தான் தெரியும். அழுதால் பால் கொடுப்போம், வயிற்றில் ஓமத் தண்ணீர் விடுவோம்.

லேபிள் ஏன் அறுக்கிறது என்பதைச் சற்று விவரமாகவே சொல்லலாம். மலிவான நெய்த லேபிள்கள் பெரும்பாலும் பாலியெஸ்டர் இழையால் ஆனவை. நீளமான நாடாவாக நெய்து, பிறகு சூடான கத்தியால் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். இழை பிரியாமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு. பாலியெஸ்டர் ஏறத்தாழ 250 டிகிரி சூட்டில் உருகும். உருகிய நுனி ஆறியதும் கண்ணுக்குத் தெரியாத மணிகளாக இறுகிவிடுகிறது. வெட்டிய ஓரத்தை உட்புறமாக மடித்து அந்த மடிப்பைத் தையலுக்குள் விட்டுவிட்டால் உபத்திரவமில்லை. மடிக்காமல் விட்டால் அது ஒரு குட்டி ரம்பம். இதோடு போயிற்றா? சில இடங்களில் லேபிளைத் தைப்பதற்குக் கண்ணாடி மாதிரியான ஒற்றை இழை நைலான் நூலை உபயோகிக்கிறார்கள். எந்த நிறத் துணிக்கும் பொருந்தும், நூல் மாற்றும் வேலை மிச்சம் என்பது தையற்கூடத்தின் சௌகரியம். மீன் தூண்டில் நரம்புக்கு அது தம்பி முறை. தையல் முடிகிற இடத்தில் அரை அங்குல நுனி நீட்டிக்கொண்டிருந்தால் ஊசி வேறு வேண்டியதில்லை.

நம் ஊர் இஸ்திரிப் பெட்டியும் தன் பங்கைச் செய்கிறது. பருத்திச் சட்டையின் லேபிளில் இஸ்திரிப் படத்துக்குள் மூன்று புள்ளி போட்டிருக்கும். 200 டிகிரி வரை சூடு தாங்கும் என்று அதற்கு அர்த்தம். தெருமுனையில் கரிப்பெட்டி தேய்க்கிறவருக்குப் புள்ளிக் கணக்கு ஏது? சட்டை தாங்கிவிடும். சட்டைக்கு இப்படிச் சூட்டைச் சொல்லுகிற அந்த மட்டமான லேபிள்தான் சுருண்டு விறைத்துப்போகும். வாங்கிய அன்று மெத்தென்று இருந்த லேபிள் ஒரு மாதம் கழித்து முள்ளாக மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே தேய்க்கும்போது காலரின் உட்புறம் லேபிளின் மேல் பெட்டி படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம்.

இனி நம் ஊர் வெயில். சித்திரை வைகாசியில் திருச்சியில் வெயில் நூறு டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம். குழந்தைக்கு வேர்வை முதலில் பொங்குகிற இடங்களில் கழுத்து மடிப்பும் முதுகின் மேற்புறமும் பிரதானம். வேர்வைத் துவாரங்கள் அடைபட்டு வேர்க்குருவாகக் கிளம்புவதும் அங்கேதான். ஏற்கெனவே வேர்க்குரு உள்ள இடத்தில் நனைந்த லேபிள் உராய்ந்துகொண்டேயிருந்தால் தோல் கிழிந்து புண்ணாகும். நகத்தால் சொறிந்தால் சீழ் வைக்கும். குளிர்தேசத்தில் நாலு துணி அடுக்கி அணிகிற பிள்ளைக்கு உள்ளே ஒரு பனியன் தடுப்பாக இருக்கிறது. இங்கே பனியன் ஏது? வெறும் மேனியும் லேபிளும் நேருக்கு நேர்.

பிடரியில் குறி வைக்கிற வழக்கம் மேல்நாட்டாரிடமிருந்து வந்தது என்று நினைக்கவேண்டாம். நம் சலவைத் தொழிலாளர்கள் லேபிளுக்கு எத்தனையோ காலம் முன்பே ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி போட்டார்கள். இரண்டு புள்ளி ஒரு கோடு என்றால் ஒரு வீடு. மூன்று புள்ளி என்றால் அடுத்த வீடு. ஆற்றங்கரையில் நூறு வேட்டிகள் ஒன்றாய்க் காய்ந்தாலும் மாறிப்போகாது. அந்தக் குறிக்கு மை சேராங்கொட்டை. அதன் சாற்றைத் தொட்டு எழுதிச் சுண்ணாம்பும் சேர்த்தால் கறுத்துப் போகும். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் அழியாது. சேராங்கொட்டை மரம், மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. முந்திரிக்கொட்டையை ஓட்டோடு கடித்து உதடு வெந்துபோன அனுபவமுள்ளவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் குணம் தெரியும். சேராங்கொட்டைச் சாறு பட்டால் சிலருக்குத் தோல் தடித்துக் கொப்புளிக்கும்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இடுப்பிலும் பிடரியிலும் திட்டுத் திட்டாய்ச் சிவந்து அரிப்பு எடுத்தது. வைத்தியர்கள் துணியைத் திருப்பிப் பார்த்தார்கள். அரிப்பு இருந்த இடமும் சலவைக் குறி பட்ட இடமும் ஒன்றாக இருந்தன! 1943-ல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் இதைப்பற்றிய கட்டுரை வெளியாயிற்று. 'டோபி குறித் தோல் அழற்சி' என்றே அதற்குப் பெயரும் சூட்டினார்கள். எழுதிய சலவைத் தொழிலாளியை இதற்காகக் குறை சொல்ல முடியாது. துணி தொலையக்கூடாது என்பது அவர் கவலை. குறி எங்கே படுகிறது என்ற கவலை யாருக்கும் அப்போது எழவில்லை. இன்றும் பெரும்பாலான தையற்கூடங்களில் எழுந்ததாகத் தெரியவில்லை என்பதுதான் நம் புகார்.

லேபிளே இல்லாத சட்டை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று சிலர் யோசனை சொல்லுகிறார்கள். துணி லேபிளுக்குப் பதிலாகக் கழுத்தின் உட்புறத்தில் சூட்டினால் எழுத்தை ஒட்டிவிடும் முறை இப்போது வெகுவாகப் பரவியிருக்கிறது. நம் திருப்பூரிலிருந்து போகும் பனியன்களிலும் அதைக் காணலாம். நல்ல முறைதான், நாமும் அதை ஆதரிக்கிறோம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. 2008-ம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்புக் கமிஷன் ஓர் அறிக்கை விட்டது. கார்ட்டர்ஸ் என்ற பெயர்போன குழந்தைத் துணிக் கம்பெனி அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட உடுப்புகளில் இப்படி ஒட்டிய அச்சு லேபிள் பட்ட இடத்தில், மேல் முதுகில், சில குழந்தைகளுக்குத் தடிப்பு உண்டானதாகப் பெற்றோர் புகார் செய்திருந்தார்கள். பாதிக்கப்பட்ட குழந்தைகள் சிறு பகுதியினரே. இருந்தாலும், அரிப்பைப் போக்க வந்த முறையே அரிப்பைக் கொடுத்தது என்பது கவனிக்கவேண்டிய சங்கதி. மெல்லிய எழுத்துக்களாக மட்டும் ஒட்டியிருந்தால் காற்று புகும். ஒரு பெரிய கட்டமாக, ரப்பர்த் தகடு போல ஒட்டியிருந்தால் அதன் கீழே வேர்வை தேங்கும். வாங்கும்போது தடவிப் பார்த்து, கெட்டியாகப் பிளாஸ்டிக் வாடை அடிக்கிற அச்சானால் விட்டுவிடுவதே மேல். சட்டையின் மார்பில் பொம்மைப் படமாக ஒட்டுகிறார்களே, அந்தப் பெரிய தகட்டுக்கும் இதே பரீட்சைதான்.

அப்படியானால் கத்திரிக்கோலை எடுத்து எல்லா லேபிளையும் நறுக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். இங்கேதான் பெற்றோர் இரட்டைத் தவறு செய்கிறார்கள். கத்திரித்தால் தையலுக்குள் மாட்டிய கால் அங்குலம் அப்படியே நின்றுவிடும். முன்பு மடிப்பாக இருந்தது இப்போது இரண்டு கூரிய முனையாக நிற்கும், உபத்திரவம் இரட்டிப்பாகும். லேபிளைத் தனித் தையலில் வைத்திருந்தால் பிளேடால் நூலை மட்டும் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்துவிடலாம். கழுத்துத் தையலோடு சேர்த்து ஓவர்லாக் அடித்திருந்தால் அதைப் பிரிக்கும்போது சட்டையே பிரிந்துகொள்ளும். பக்கத்துத் தெருவில் தையல் மிஷின் போட்டுப் பழையது பிரித்துத் தைக்கிறவரிடம் கொடுத்தால் சிறு வேலை. அல்லது லேபிளின் மேல் பழைய நூல் வேட்டித் துண்டை வைத்து நாலு பக்கமும் மூடித் தைத்துவிடச் சொல்லலாம். விலையுயர்ந்த பட்டுப் பாவாடைச் சட்டைக்கு இந்த இரண்டாவது வழிதான் உத்தமம்.

எறியக்கூடாது என்பதற்கு இரண்டாவது காரணம் அதைவிட முக்கியம். லேபிள் வெறும் விளம்பரமல்ல. துணி பருத்தியா, செயற்கை இழையா என்பதை அது சொல்லுகிறது. தீபாவளிக் காலையில் குழந்தை கையில் மத்தாப்பைக் கொடுக்கப்போகும் வீட்டில் இது உயிரோடு சம்பந்தப்பட்ட விவரம். பருத்தியும் தீப்பிடிக்கும், ஆனால் பாலியெஸ்டரும் நைலானும் உருகிச் சொட்டித் தோலில் ஒட்டிக்கொள்ளும், அந்தக் காயம் ஆழமாகப் போகும். அமெரிக்காவில் இரவு உடுப்புக்குத் தீத் தடுப்புச் சட்டமே இருக்கிறது. உடம்போடு ஒட்டிய பருத்தி உடுப்பானால் "இது தீயைத் தடுக்காது, இறுக்கமாகவே அணியுங்கள்" என்ற எச்சரிக்கையைக் கழுத்து லேபிளில் போட்டே தீரவேண்டும். நம் கடைகளிலோ 'காட்டன் மாதிரி' என்று ஒரு வார்த்தை உலாவுகிறது. மாதிரி என்றாலே அது இல்லை என்றுதானே பொருள்? சந்தேகமிருந்தால் வீட்டுக்கு வந்ததும் உள்தையலில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாய் உதிர்ந்தால் பருத்தி. உருகி மணியாய்த் திரண்டால் செயற்கை இழை. இதைப் பெரியவர்கள் மட்டுமே, துணியிலிருந்து தள்ளி வைத்துச் செய்யவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிரித்த லேபிள்களை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, எந்தச் சட்டையுடையது என்று அடையாளத்துக்கு ஒரு நூலையும் கட்டி வைக்கலாம். துவைக்கும் தொட்டி, முக்கோணம், வட்டம் என்று அதில் காணும் படங்கள் உலகமெங்கும் ஒன்றே. தொட்டிக்குள் உள்ள எண் எத்தனை டிகிரி வெந்நீர் என்பதைச் சொல்லும். முக்கோணத்தில் பெருக்கல் குறி இருந்தால் பிளீச்சிங் கூடாது.

நம் பாட்டிமார் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், பலமுறை துவைத்த நூல் வேட்டியைக் கிழித்துச் சுற்றினார்கள். அதிலே சிக்கனம் மட்டுமில்லை. துவைத்துத் துவைத்துக் கஞ்சியும் சாயமும் போன துணி அது. கடையிலிருந்து வரும் புதுத்துணி மடிப்புக் கலையாமல் இருப்பதற்காகப் பூசும் சரக்குகளில் ஃபார்மால்டிஹைடு ஒன்று; தோலுக்கு ஆகாதது. ஜப்பான் 1973-லேயே சட்டம் செய்து, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடுப்பில் அது இருக்கவே கூடாது என்று விதித்தது. சாயங்களில் 70 வகை அஸோ சாயங்களை நம் மத்திய அரசாங்கமும் 1997-ல் தடை செய்தது. ஓக்கோ-டெக்ஸ் என்ற ஐரோப்பியப் பரிசோதனை முத்திரையில் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் துணிக்கு முதல் வகுப்பு என்று தனியாக, மிகக் கடுமையான அளவுகோல் உண்டு. இந்த முத்திரை உள்ள துணி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் ஒன்று நம் கையில் இருக்கிறது: புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் வைத்து அப்படியே போட்டுவிடாமல், இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துப் பிறகு மஞ்சள் வைக்கலாம். நாள் நட்சத்திரம் ஒன்றும் கெட்டுப்போகாது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சோப்பு சரியாகப் போகாமல் துணி விறைக்கும். குழந்தைத் துணிக்கு மட்டுமாவது காவிரித் தண்ணீரைப் பிடித்து வைப்பது நலம்.

கடையில் எப்படிப் பார்ப்பது? சமையலறையில் காய்த்த விரல் நுனிக்கு உண்மை தெரியாது. மணிக்கட்டின் உட்புறத்தில் லேபிளின் ஓரத்தை நாலு தரம் இழுத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுருக்கென்றால் குழந்தைக்கு எப்படியிருக்கும்? கழுத்தைவிட இடுப்புப் பக்கத்துத் தையலில், சட்டைத் தொங்கலின் ஓரத்தில் லேபிள் வைத்த துணியைக் கேளுங்கள். கைக்குழந்தையின் ஜப்லாவானால் வெளிப்புறத்தில் வைத்ததையே தேடுங்கள். அழகு கெடும் என்பார்கள்; குழந்தை கண்ணாடி பார்ப்பதில்லை. விலைச்சீட்டைத் தொங்கவிட்ட பிளாஸ்டிக் ஊசி வெட்டியபின் துணிக்குள் தங்கிவிடாமல் இரண்டு துண்டையும் எண்ணி எடுத்துவிடுங்கள். அது உறுத்தும் என்பதோடு, வாயில் போட்டுக்கொள்ளவும் குழந்தைக்கு எட்டுகிற சாமான்.

சீருடையில் பெயர் எழுதுவது தாய்மார்களுக்கு வருஷா வருஷம் உள்ள வேலை. முப்பது பிள்ளைகளின் ஸ்வெட்டரும் பெல்ட்டும் ஒன்றுபோலிருக்கும்போது பெயர் அவசியந்தான். அதை மறுபடியும் கொண்டுபோய்ப் பிடரியிலேதான் தைக்கவேண்டுமா? சட்டையின் கீழ்மடிப்பில், கால்சட்டையின் பை உட்புறத்தில், மெல்லிய பருத்தி நாடாவில் எழுதித் தைத்தால் ஆசிரியைக்கும் கண்டுபிடிப்பது எளிது. வெளியே பளிச்சென்று குழந்தையின் முழுப்பெயரை எழுதுவதையும் நாம் சிலாகிக்கவில்லை. ரோட்டில் போகிற எவரும் பெயர் சொல்லிக் கூப்பிட இடம் கொடுப்பானேன்?

இன்னொரு வகைக் குழந்தைகளைப்பற்றியும் சொல்லாமலிருக்க முடியாது. சில பிள்ளைகளுக்குத் தொடு உணர்ச்சி மற்றவர்களைவிடப் பன்மடங்கு கூர்மை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு இது உண்டு. வேறு குறை எதுவுமில்லாத குழந்தைகளில் சிலருக்கும் உண்டு. நமக்குத் தெரியவே தெரியாத ஒரு தையல் அவர்களுக்கு நெருப்பாய்ச் சுடும். துணியைக் கழற்றி எறிந்தால் அடி விழுகிறது. அடிப்பதற்கு முன் சட்டையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி ஒருநாள் போட்டுப் பாருங்கள். அழுகை நின்றுவிட்டால் குற்றவாளி யார் என்பது விளங்கிவிடும். நிற்காவிட்டால் குழந்தை வைத்தியரிடம் காட்டலாம்.

தில்லை நகரை அடுத்த உறையூர், துணிக்குப் பேர்போன பழைய ஊர். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடற்பயண நூல் சொல்லும் 'அர்கரு' மெல்லிய துணி உறையூர்த் துணியே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. இங்கிருந்து சில மணி நேரப் பிரயாணத்தில் திருப்பூர் இருக்கிறது. அங்கே வெளிநாட்டுக் குழந்தைகளுக்காகத் தைக்கும் உடுப்பில் லேபிள் எங்கே, என்ன இழையில், எந்த மடிப்பில் இருக்கவேண்டும் என்று வாங்குகிறவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். நம்மவர்கள் பிசகாமல் செய்து அனுப்புகிறார்கள். கைத்திறனோ யந்திரமோ நம்மிடம் குறைவில்லை. கேட்பவர்தான் இல்லை. உள்நாட்டுக் கடைக்குத் தைக்கும்போது மட்டும் அந்த ஓரத்தை மடிக்க ஏன் மனம் வரவில்லை என்று கடைக்காரர்கள் தங்களுக்குச் சரக்குப் போடுகிறவர்களைக் கேட்கவேண்டும். சீருடைக்கு மொத்தமாக ஆர்டர் கொடுக்கும் பள்ளி நிர்வாகிகள், நிறத்தையும் முத்திரையையும் குறிப்பதோடு, "கழுத்தில் லேபிள் கூடாது, இடுப்புத் தையலில் பருத்தி நாடா லேபிள்" என்று ஒரு வரி சேர்த்தால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பிடரி தப்பும். அரசாங்கத்தின் விலையில்லாச் சீருடைகளைத் தைத்துத் தரும் மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இதே வரி போய்ச் சேரவேண்டும். தைக்கிறவர்கள் தாய்மார்கள், காரணம் சொல்லி விளக்க வேண்டியிராது.

அந்தப் பையனின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பாட்டியம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிளேடு நுனியால் ஐந்து சட்டையின் லேபிளையும் பிரித்தெடுத்தார். கழுத்தில் தேங்காயெண்ணெய் தடவினார். மறுநாள் காலை பேரன் தானே சட்டையை மாட்டிக்கொண்டான். பித்தான் மட்டும் ஒன்று மாறிப்போயிற்று. "எங்கேடா போட்டே அந்த முள்ளை?" என்று தகப்பனார் கேட்டதற்கு அவன் அலமாரியிலிருந்த டப்பாவைக் காட்டினானாம். தகப்பனார் அன்று சாயங்காலம் தம் ஆபீஸ் சட்டைகளையும் கொண்டுவந்து தாயாரிடம் கொடுத்ததாகக் கேள்வி.